இடது கைக்கு ஓர் உறை

தோ பாயோ
6.10.2025

அன்பு மகள் ரோஷினிக்கு,

உன் அத்தை பூவம்மா எழுதுகிறேன். கவரின் மேல் என் கோழிக்கிறுக்கலைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கிழித்துப் போட்டுவிடாமல் முழுக்க வாசி.

போனில் கூப்பிட மாட்டேன் என்று வருணுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். "டிவோர்ஸ் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சும்மா. இன்னும் நீங்க ரோஷினிக்கு கால் பண்ணிட்டு இருந்தா எனக்கு ஆக்வர்டா இருக்கு லா" என்றான். பெற்ற பிள்ளை கேட்கும்போது என்ன செய்வது, சரி என்றேன். கடிதம் எழுதக் கூடாது என்று அவன் சொல்லவில்லை. உலகத்தில் அப்படி ஒன்று இருப்பதே அவனுக்கு ஞாபகம் இருக்காது.

போன வாரம் கேம்பல் லேன் தீபாவளிச் சந்தைக்குத் தோரணம் வாங்கப் போனேன். அங்கே உன் மேசையைப் பார்த்தேன். பர்ஸ், பெல்ட், கத்தி உறை எல்லாம் அழகாக அடுக்கி வைத்து, ஒரு சீனத் தம்பதிக்கு எதையோ வளைத்துக் காட்டிக்கொண்டிருந்தாய். வியாபாரத்தைக் கெடுக்க வேண்டாம் என்று பூக்கடைப் பக்கமே நின்றேன். நீ குனிந்த நேரம் பார்த்து உன் கடை அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மெலிந்து போயிருக்கிறாய். சொன்னால் உனக்குப் பிடிக்காது, சொல்லாமலும் என்னால் இருக்க முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் கறி வெட்டும் கத்திக்கு ஓர் உறை வேண்டும். எந்தக் கத்தி என்று உனக்குத் தெரியும். இந்த வீட்டில் நீ இருந்த ஐந்து வருடமும் உன்னைத் தொட விடாத அதே கத்தி. கேட்டரிங் ஆர்டருக்கு மண்டபம் மண்டபமாகப் போகும்போது செய்தித்தாளில் சுற்றித்தான் பையில் வைப்பேன். சென்ற மாதம் எம்ஆர்டியில் காகிதம் கிழிந்து, பையும் கிழிந்து, நுனி வெளியே எட்டிப் பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து அடுத்த பெட்டிக்கே போய்விட்டாள். போலீஸ் வராதது என் நல்ல நேரம்.

உறை கத்திக்கு அச்சாகப் பொருந்த வேண்டும். தலைகீழாகப் பிடித்தாலும் கத்தி விழக் கூடாது. இடுப்பு வாரில் மாட்ட ஒரு வளையம் வை. மேலே ஒரு கறிவேப்பிலைக் கொத்து செதுக்கிக் கொடு. மயில், யானை, தாமரை எதுவும் வேண்டாம். இலை நரம்பு வரைக்கும் தெரிய வேண்டும்.

கத்தியை உன் மாமா கொண்டுவருவார். மேசையில் வைப்பார், நீ எடுத்துக்கொள். கைக்குக் கை வாங்காதே, சண்டை வரும். ஆயுத பூஜைக்குப் பிடியில் வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் இருக்கின்றன. அழித்துவிடாதே, தானாகப் போகிறபோது போகட்டும்.

வேளா வேளைக்குச் சாப்பிடு.

யார் என்ன சொன்னாலும் உன் அத்தை,
பூவம்மா


உட்லண்ட்ஸ்
12.10.2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்களை இனி எப்படி அழைப்பது என்று கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். 'ஆன்ட்டி' என்று எழுதிப் பார்த்தேன். லிஃப்ட்டில் பார்க்கிற யாருக்கோ எழுதுவது போல இருந்தது, அடித்துவிட்டேன்.

மாமா நலமாக வந்து சேர்ந்தார். கத்தியை மேசையில் வைத்துவிட்டு, நான் எடுக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே காப்பிக் கடையில் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். என் பட்டறைக் கதவு கிரீச்சிடுவதைப் பொறுக்காமல் எண்ணெய் கேட்டு வாங்கிச் சரிசெய்துவிட்டுத்தான் கிளம்பினார். என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, உங்களைப் பற்றி எதுவும் சொல்லவுமில்லை. மாமா மாறவே இல்லை.

சந்தையில் நீங்கள் பூக்கடைக்குப் பின்னால் நின்றதை நானும் பார்த்தேன். அந்தப் பச்சைச் சேலை எனக்குத் தெரியாதா? கூப்பிட்டிருக்கலாம், நானும் கூப்பிடவில்லை. கணக்கு சரியாகிவிட்டது.

உங்கள் ஆர்டரை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கேட்ட இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாதவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோலில் செதுக்க வேண்டுமென்றால் லேசாக நனைக்க வேண்டும். ஈரத்தில் மெத்தென்று இருக்கும்போதுதான் கோடு இறங்கும், காய்ந்தால் நிற்கும். கத்தியின் உருவத்துக்குப் பொருத்துவதற்கும் அதே தோலை மறுபடி நனைத்து, கத்தியை உள்ளே வைத்து அழுத்த வேண்டும். அப்போது முன்பு செதுக்கியதெல்லாம் ஊறி, மழுங்கிப் போகும். அதனால்தான் பல பேர் படம் போட்ட உறையைத் தொளதொளவென்று விட்டுவிடுவார்கள், பொருத்தமான உறையை வெறுமையாக விட்டுவிடுவார்கள். நான் இரண்டையும் செய்துதருவேன். எனக்கு அவகாசம் மட்டும் வேண்டும்.

ஒரு கேள்வி. வலது கையா, இடது கையா? கத்தியை உருவும் கையைப் பொறுத்துத் தையல் வரும் பக்கமும் படம் வரும் பக்கமும் மாறும். உங்கள் கை எனக்குத் தெரியும்தான், இருந்தாலும் வாடிக்கையாளர் தாமே சொல்லாமல் நான் தோலை வெட்டுவதில்லை. அது என் பட்டறை வழக்கம், உங்களுக்காக மாற்ற முடியாது.

மெலியவில்லை. அன்றைக்குக் கறுப்புச் சட்டை போட்டிருந்தேன்.

அன்புடன்,
ரோஷினி


தோ பாயோ
23.10.2025

அன்பு மகள் ரோஷினிக்கு,

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. இந்த வருடம் ஆர்டர் தலைக்கு மேல். முறுக்கு பிழிந்து பிழிந்து வலது மணிக்கட்டு மறுபடி வீங்கிவிட்டது. பலகார டப்பா ஒன்றை மாமாவிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். உனக்குப் பிடிக்கும் என்று ஓமப்பொடியில் காரம் கூட்டியிருக்கிறேன், அதைச் சாப்பிட்டுவிட்டு மாமா கண்ணில் தண்ணீர் விட்டார்.

நீ எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். படம் போட்டால் பொருந்தாது, பொருந்தினால் படம் நிற்காது என்று நீ எழுதிய இடத்தில், "அவ செஞ்சிடுவா" என்று மட்டும் சொன்னார். எனக்கும் அந்த நம்பிக்கைதான். கடை அட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தது சும்மா இல்லை.

நம் புளோக்குக்குக் கீழே இருந்த மளிகைக் கடையை மூடிவிட்டார்கள். இப்போது பபுள் டீ விற்கிறார்கள். கொத்தமல்லிக்கு நான் டெக்கா சந்தை வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. நீ இருந்தால் வேலை முடிந்து வரும்போது வாங்கி வருவாய்.

நீ கேட்டதற்குப் பதில்: இடது கை.

உன் அத்தை,
பூவம்மா


உட்லண்ட்ஸ்
30.10.2025

அன்புள்ள அத்தைக்கு,

ஓமப்பொடி தீர்ந்துவிட்டது. டப்பாவை மாமா அடுத்த முறை வரும்போது தருகிறேன்.

முதல் உறை கெட்டுப்போய்விட்டது. எப்படி என்று சொல்கிறேன், உங்கள் பங்கும் அதில் இருக்கிறது.

கறிவேப்பிலையை நன்றாகவே செதுக்கினேன். காம்பு, இலைகள், ஒவ்வோர் இலைக்கும் நடு நரம்பு, பக்க நரம்பு எல்லாம் வைத்து, இரண்டு நாள் காயவிட்டேன். உண்மையைச் சொன்னால் பறித்துத் தாளிக்கலாம் போல இருந்தது. அப்புறம் தைத்து, தண்ணீரில் முக்கி, கத்தியை வைத்து எலும்புக் குச்சியால் சுற்றி அழுத்தித் தேய்த்தேன். பொருத்தம் பிரமாதம். இலைகள் மட்டும் வெந்த கீரை மாதிரி ஆகிவிட்டன. நரம்பில் பாதி காணோம். என் கெட்டிக்காரத்தனத்தில் வந்த நஷ்டம் அது, உங்களைச் சொல்ல மாட்டேன்.

இனிமேல் வருவது உங்கள் பங்கு. ஈரத் தோலில் இரும்பு பட்டால் கறுக்கும் என்று கத்தியின் அலகை எப்போதும் போல பிளாஸ்டிக் தாளால் சுற்றினேன். பிடியைச் சுற்றவில்லை, அதன் கழுத்தைத் தோல் கெட்டியாகப் பிடிக்க வேண்டுமே. அந்தக் கழுத்தில்தான் நீங்கள் குங்குமம் வைத்திருந்தீர்கள். காலையில் கவ்விகளை எடுத்துப் பார்த்தால், உறையின் வாய்ப்பக்கம் முழுக்கச் சிவப்பு. தோல் குடித்ததை எதனாலும் எடுக்க முடியாது.

வேறு யார் கத்தியாக இருந்தாலும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் தொட்டிருப்பேன். நீங்கள் வைத்த பொட்டு என்பதால் அழிக்க மனம் வரவில்லை. இப்போது அழித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் வேறு இடத்தில் வையுங்கள்.

புதுத் தோல் வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி. இடது கை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வலது கைக்காரர். மாமாவும் வலது கை. வருணும் வலது கை. அந்த வீட்டில் இடது கையால் தண்ணீர் மொண்டால்கூட நீங்கள் திட்டுவீர்கள்.

இந்த உறை யாருக்கு?

ரோஷினி


தோ பாயோ
5.11.2025

அன்பு மகள் ரோஷினிக்கு,

எனக்குப் பொய் சொல்லத் தெரியும். உனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று. ஆனால் கையை மாற்றிச் சொல்லி, நீ கஷ்டப்பட்டுச் செய்த உறை ஒன்றுக்கும் உதவாமல் போயிருந்தால் அந்தப் பாவம் என்னைச் சேர்ந்திருக்கும். அதனால்தான் உண்மையை எழுதினேன். நீ கேட்பாய் என்றும் தெரியும்.

வருணுக்குத் தை மாதம் கல்யாணம். பெண்ணின் பெயர் சங்கீதா, செம்பவாங்கில் வீடு, ஹோட்டல் கிச்சனில் வேலை. இடது கைக்காரி. அதற்கு நான் இன்னும் திட்டவில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு முதல் கடிதம் போடும் முன்பே, என் மணிக்கட்டை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், இனி கனமாக எதையும் வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்தாலும் பழைய பலம் வராதாம். கேட்டரிங்கை மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது சங்கீதா, "நான் பாத்துக்கறேன் அத்தை, ஹோட்டல விட்டுடறேன்" என்றாள். ஆட்டுக்கால் ஒன்றைக் கொடுத்து வெட்டச் சொன்னேன். எலும்பு ஒரு துளி சிதறவில்லை. கத்தி அவளுக்குத்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அந்தக் கத்தி அவள் கைக்குப் போகும்போது நல்ல உறையோடு போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நல்ல உறை செய்கிறவள் யார் என்று யோசித்தால் எனக்கு உன் முகம்தான் வருகிறது. முதலிலேயே சொல்லியிருந்தால் நீ இந்த வேலையை ஏற்றிருக்க மாட்டாய். அதனால் சொல்லவில்லை. இதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை.

கோபம் இருந்தால் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அத்தை,
பூவம்மா


உட்லண்ட்ஸ்
9.11.2025

அத்தைக்கு,

உங்களுக்குத் தப்பு தெரியாதுதான். என்றைக்குத் தெரிந்திருக்கிறது?

ஒரு தடவை எலுமிச்சம்பழம் நறுக்க அந்தக் கத்தியை எடுத்தேன். கல்யாணமான முதல் வருடம். விருந்தாளிகள் முன்னாலேயே என் கையிலிருந்து பிடுங்கினீர்கள். அதற்குப் பிறகு அது இருந்த இழுப்பறையையே நான் திறந்ததில்லை. ஆட்டுக்கால் ஒன்றை வெட்டிக் காட்டியவளுக்கு அதைத் தூக்கிக் கொடுக்கிறீர்கள், உறையை மட்டும் நான் செய்துதர வேண்டும். கறிவேப்பிலை ஏன் கேட்டீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது. வாசனை வந்ததும் எடுத்து ஓரமாகப் போடுகிற சாமான் அதுதானே.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. வருண் மேலும் இல்லை. எங்களுக்குள் ஒத்துவரவில்லை, இருவருமாகத்தான் கையெழுத்துப் போட்டோம். நான் தாங்கிக்கொண்டேன். ஆனால் அவனை விட்டால் உங்களையும் விட வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. வழக்கறிஞர் காட்டிய தாளில் வீடு இருந்தது, சேமிப்பு இருந்தது, சோபா கூட இருந்தது. நீங்கள் இல்லை. அம்மா இல்லாமல் வளர்ந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

கத்தியை எடுத்துப்போக மாமாவை அனுப்புங்கள். செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன்.

ரோஷினி


தோ பாயோ
13.11.2025

என் ரோஷினிக்கு,

மாமாவை அனுப்ப மாட்டேன்.

எலுமிச்சம்பழக் கதை உண்மை. புளிப்புப் பட்டால் அந்த எஃகு கறுத்துப் போகும், அதனால் பிடுங்கினேன். அப்புறம் நீ விரலை நறுக்கிக்கொள்வாய் என்ற பயமும் இருந்தது. சமையலறையில் உன் கை இருந்த லட்சணம் உனக்கே தெரியும், வெங்காயம் நறுக்கினால் செங்கல் மாதிரி இருக்கும். உனக்கு வேண்டிய கத்தி வேறு, தோல் அறுக்கிற கத்தி. அதை நான் தொட்டால் நீ விடுவாயா?

கறிவேப்பிலையைப் பற்றி எழுதியிருந்தாய். வேறு யார் வீட்டிலாவது அப்படி இருக்கும். என் கறியில் நான் அதை அரைத்துத்தான் ஊற்றுவேன், யாராலும் பொறுக்கி ஓரம் வைக்க முடியாது. ஐந்து வருடம் அதைச் சாப்பிட்டுவிட்டு நீயே இப்படி எழுதினால் எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

உன்னிடம் ஏன் வந்தேன் என்று நேராகவே சொல்கிறேன். சங்கீதா வந்த பிறகு உன்னைப் பற்றிய பேச்சு இந்த வீட்டில் நின்றுவிடும். தனியாகக் குடிபோகும்போதே படங்களை வருண் எடுத்து வைத்துவிட்டான். நீ வாங்கிய ஃபேனைக்கூட மாற்றிவிட்டார்கள். உன் கையால் செய்த ஏதாவது ஒன்று தினமும் என் கண்ணில் பட வேண்டும், அதை யாரும் எடுத்து வைக்க முடியாதபடி வேலைக்கு உதவுகிற பொருளாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு நீங்கள் இரண்டு பேரும் வேண்டும். பேராசை என்றால் பேராசைதான்.

உனக்கு மனம் இருந்தால் செய். இல்லையென்றால் அந்தக் கத்தி உன் பட்டறையிலேயே கிடக்கட்டும். சங்கீதாவுக்கு வேறு வாங்கிக் கொடுக்கிறேன்.

உன் பூவம்மா


உட்லண்ட்ஸ்
29.11.2025

அன்புள்ள அத்தைக்கு,

உறை முடிந்துவிட்டது. மாமா இந்தக் கடிதத்தோடு கொண்டுவருகிறார்.

உங்கள் கடிதம் வந்த பிறகு ஒரு வாரம் கத்தியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் வேறொரு பெல்ட்டுக்குத் தோல் வெட்டும்போது, அந்த உறையை எப்படிச் செய்யலாம் என்று கை தானாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டது. ஏற்றுக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமும் இல்லை.

எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன். உங்களுக்குப் புரிந்தாலும் புரியாவிட்டாலும் யாரிடமாவது பெருமை அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

முதலில் படத்தை ஓரங்களிலிருந்து நன்றாகத் தள்ளி, நடுவில் வைத்தேன். கத்தியின் உருவம் தெரிய வேண்டியது ஓரத்தில்தான், நடுவில் அலகு தட்டையாகத்தான் இருக்கிறது. போன தடவை இலையை ஓரம் வரைக்கும் இழுத்தது என் பேராசை. இந்தத் தடவை நரம்புகளை வழக்கத்தைவிட ஆழமாக இறக்கினேன். முழுக்கக் காய்ந்த பிறகு செதுக்கிய இடத்துக்கு மட்டும் தண்ணீர் இறங்காத பூச்சு ஒன்றைத் தூரிகையால் தடவினேன். தண்ணீரில் முக்கவே இல்லை. தைப்பதற்கு முன்னாலேயே தோலைத் திருப்பிப் போட்டு, உள்பக்கத்தை மட்டும் ஈரத் துணியால் ஒற்றினேன். வெளிப்பக்கம் இலைகளுக்கு ஈரம் வருவதே தெரியாது. கத்தியை வைத்து மடித்து, கத்தியின் விளிம்பை ஒட்டி மட்டும் விரலால் அழுத்தினேன். இலைமேல் கையே வைக்கவில்லை. பாதி காய்ந்தபோது எங்கெல்லாம் கோடு லேசாகச் சோர்ந்திருந்ததோ அங்கெல்லாம் கரண்டி முனைக் குச்சியால் மறுபடி ஒரு முறை ஓட்டினேன். அப்புறம்தான் தையல்.

தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தேன், கத்தி அசையவில்லை. இலை நரம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். இந்த ஊரில் இதைவிட நன்றாக இதை யாரும் செய்ய மாட்டார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடது கைக்குத்தான் செய்திருக்கிறேன்.

இனி என் நிபந்தனை. கூலி எதுவும் வேண்டாம், இது மட்டும் வேண்டும்.

இத்தனை நாளும் நீங்கள் வருணுக்குத் தெரியாமல் எழுதுகிறீர்கள். மாமா காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே வருகிறார். எனக்கும் கடிதத்தை எதிர்பார்ப்பது பழகிவிட்டது, தபால்காரர் வரும் நேரம் கூடத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒளித்து வைக்கிற உறவாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஒன்றும் திருட்டுச் சாமான் இல்லை. உறையை அந்தப் பெண்ணிடம் கொடுக்கும்போது, வருணும் இருக்கும்போது, இதைச் செய்தது யார் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். உட்லண்ட்ஸில் ஒரு கடை என்று மழுப்பக் கூடாது. அதனால் அங்கே என்ன நடந்தாலும் நடக்கட்டும். சொல்ல முடியாது என்றால் அதுவும் எனக்குப் புரியும், உங்களுக்கு ஒரே பிள்ளை. அப்போது இனி எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன்.

கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன். கூப்பிட்டுவிடாதீர்கள், கூப்பிடுவீர்கள் என்று தெரியும்.

மணிக்கட்டை வெந்நீரில் வையுங்கள், தைலம் மட்டும் போதாது.

அன்புடன்,
ரோஷினி


தோ பாயோ
14.12.2025

என் ரோஷினிக்கு,

இரண்டு வாரமாக என் கடிதம் வராததால் நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

உறையைப் பார்த்ததும் மாமா அதை விளக்குக்குக் கீழே கொண்டுபோய் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். நான் நகத்தால் தடவிப் பார்த்தேன். எழுதி வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருணும் சங்கீதாவும் வந்தார்கள். சோறு போட்ட பிறகு உறையை மேசையில் வைத்தேன். "கத்தி இனிமே உன்னுது, சங்கீதா. உறை ரோஷினி செஞ்சது. நான்தான் அவளுக்கு லெட்டர் போட்டுக் கேட்டேன். ரெண்டு மாசமா எழுதிட்டு இருக்கேன். இனிமேலும் எழுதுவேன், போனும் பண்ணுவேன். அவ என்னப் பாக்க வருவா, நானும் போவேன்" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், நடுவில் நிறுத்தியிருந்தால் வார்த்தை வந்திருக்காது.

வருண் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். "ப்ராமிஸ் பண்ணீங்களேம்மா" என்றான். பண்ணியது வாஸ்தவம், பண்ணியிருக்கக் கூடாது, இப்போது அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று அவனிடம் சொன்னேன். மாமா எப்போதும் போலத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் தலையைத் தூக்கி, "நான்தாண்டா கொண்டுபோய்க் கொடுத்தேன்" என்றார். சங்கீதா உறையைத் தொடவே இல்லை. இருவரும் கிளம்பிப் போய்விட்டார்கள். கத்தி மேசையிலேயே கிடந்தது.

பயந்தேன், ரோஷினி. உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. கல்யாணமே நின்றுவிடுமோ, பிள்ளை இனி வாசல் மிதிக்க மாட்டானோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் வருணிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. உனக்கு எழுத உட்கார்ந்தால், ஏன்டா சொன்னோம் என்று எழுதிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அதனால்தான் எழுதவில்லை. ஆனால் ஒரு தடவை கூட அப்படித் தோன்றவில்லை என்பதை இப்போது உறுதியாகச் சொல்கிறேன்.

நேற்றுச் சனிக்கிழமை செம்பவாங்கில் ஒரு பிறந்தநாள் ஆர்டர். ஆள் வருமோ வராதோ என்று நானே விடியற்காலையில் கறியை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். சங்கீதா வந்தாள். மேசையிலிருந்த கத்தியை எடுத்து உறையோடு இடுப்பில் மாட்டினாள். உருவினாள், செருகினாள், மறுபடி உருவினாள். அப்புறம் வேலையை ஆரம்பித்தவள் எல்லாக் கறியையும் வெட்டி முடிக்கும் வரை நிமிரவில்லை.

கை கழுவும்போதுதான் பேசினாள். "அத்தை, ஃபிட்டிங் செமயா இருக்கு. ஆனா இந்த லூப் டைட். என் ஏப்ரன் பெல்ட் கொஞ்சம் அகலம், மாட்டறதே கஷ்டமா இருக்கு. அவங்க ஷாப் எப்ப திறப்பாங்க? நானே கொண்டுபோய்க் காட்டறேன்."

வருண் என்ன சொல்வான் என்று கேட்டேன்.

"அவர்ட்ட சொல்லிட்டுத்தான் வரேன்" என்றாள்.

அவன் மனசு இன்னும் ஆறவில்லை. ஆனால் நேற்று இரவு மாமாவுக்குப் போன் செய்து, என் மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டானாம்.

இடுப்பு வாரின் அகலத்தை நீ என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆக, உன் வேலையில் ஒருத்தி குறை கண்டுபிடித்துவிட்டாள். நீ இதைச் சும்மா விடுகிற ஆள் இல்லை. வரும் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பட்டறையில் சாப்பிட இடம் ஒதுக்கி வை, மட்டன் பிரட்டல் கொண்டுவருகிறேன். அவள் வெட்டியது, நான் சமைத்தது.

உன் அத்தை,
பூவம்மா